சத்தம் ஒரு பக்கம், பில் இன்னொரு பக்கம்

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. சில வாரங்களாக, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று வருகிறது, பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது அடியில் தகரம் அதிர்வது போல இன்னொரு சத்தம். ஒர்க்ஷாப்பில் காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் முழு சைலன்சர் செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: முடியும். பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத்தான் தெரிகிறது, பின்னால் இருக்கிற சைலன்சருக்கு இரண்டிலுமே பங்கில்லாமல் போகலாம்.

முதலில் அந்த டிக் டிக். குளிரில் வந்து சூடானதும் மறைகிறது என்றால் சந்தேகம் நேராக மேனிஃபோல்டு பக்கம், அதாவது எஞ்சினிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் பாகத்தின் பக்கம் போகும். எஞ்சினோடு அது சேரும் இடத்திலோ, அதிலிருந்து குழாய் இறங்கும் இடத்திலோ, இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும், இல்லை ஒரு போல்ட் உடைந்திருக்கும். இரும்பு சூட்டில் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது, கோளாறு அங்கேயேதான் இருக்கிறது. இதற்குப் பின்னால் புது சைலன்சர் மாட்டினாலும் மறுநாள் காலை அதே டிக் டிக்தான்.

இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில்தான் சோதனை செய்ய வேண்டும், அதுவும் திறந்தவெளியில். கார் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையா, அடியில் போக வேண்டாம், குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பதே போதும்.

எஞ்சினை ஓட விடாமலேயே டார்ச்சோடு குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். புகை கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும், சுற்றிலும் துருநிறமாக இருக்க அந்த ஓரத்தில் மட்டும் மையைத் தடவியது போல ஒரு கோடு. அது கண்ணில் பட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. தெரியவில்லையென்றால் இன்னொருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் தடித்த கையுறை போட்டு, மடித்த துணியால் பின் குழாய் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் ‘உஸ்’ என்று கேட்கும். முகத்தைப் புகைக்கு எதிரே வைக்காதீர்கள். குழாய் சீக்கிரமே சூடாகிவிடும் என்பதால் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் தகரச் சத்தம். எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு, குழாய்க்கு மேலும், புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவான கன்வெர்ட்டரைச் சுற்றியும் இருக்கிற மெல்லிய தகட்டை, அதாவது ஹீட் ஷீல்டை, கையால் தட்டுங்கள். போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகி, தகடு தொளதொளவென்று ஆடும். பெரிய ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) ஒன்றைச் சுற்றி இறுக்கினாலே பல சமயம் அடங்கிவிடும். தொல்லை விட்டது என்று தகட்டையே கழற்றிப் போடுபவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள், காரின் தரைக்குச் சூடு ஏறாமல் காப்பது அதுதான். என் வண்டியில் ஒரு மாதம் உயிரை வாங்கிய சத்தம், தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கியிருந்த ஒரு கூழாங்கல்!

கன்வெர்ட்டரையும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் சரி. டப்பாவுக்குள் கல் உருள்வது போலக் கேட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்திருக்கலாம், அப்போது செலவு நியாயமானதுதான். பின் குழாயைப் பிடித்து ஆட்டும்போது ரப்பரில் தொங்குவதால் கொஞ்சம் அசையத்தான் செய்யும், ஆனால் பாடியில் இடித்தால் ரப்பர் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பரை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

கேள்வி: கசிவு தெரிந்துவிட்டால் கடையில் விற்கும் பேஸ்ட், பேண்டேஜ் சுற்றி ஓட்டலாமா?

பதில்: பின்பக்கக் குழாயில் சின்ன ஓட்டை என்றால் ஒர்க்ஷாப் போகும்வரை தாங்கும். மேனிஃபோல்டு பக்கம் வேண்டாம். அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து, எஞ்சின் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும். புகை காருக்குள் வருவதாகத் தோன்றினால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஒர்க்ஷாப்பில் இதைக் கேளுங்கள்: வண்டியைத் தூக்கிக் கசிவைக் காட்டுங்கள், கேஸ்கெட் மட்டும் மாற்றினால் எவ்வளவு? பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதிதுதான். துருப்பிடித்த ஸ்டட் (எஞ்சினில் பதிந்திருக்கும் தலையில்லா போல்ட்) கழற்றும்போது ஒடிந்தால் கூலி கூடும், அது எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.