நைஜீரியா நெஸ்லே: விற்பனை ஏறியும் நட்டம் ஏன்?

நெஸ்லே குழுமத்தின் நைஜீரியத் துணை நிறுவனம் 2023இல் நட்டம் காட்டியது. அதை வைத்து 'துணை நிறுவனம் சந்தையில் தோற்றது' என்று ஆய்வு எழுதுபவர்கள் முடிவு கட்டிவிடாதீர்கள். விற்பனை சுமார் 22% கூடியும் 7,950 கோடி நைரா (நைஜீரிய நாணயம்) அளவுக்கு நட்டம் வந்ததற்கு மேகி விற்காமல் போனது காரணமில்லை, டாலர் கடன்தான்.

2023 ஜூனில் நைஜீரிய மத்திய வங்கி நைராவைச் சந்தை விலைக்கு விட்டது. டாலருக்கு 460 சொச்சம் இருந்தது வருடக் கடைசியில் 900ஐத் தொட்டது. கையில் வருவதெல்லாம் நைரா, தாய்க் குழுமத்துக்குத் திருப்பித் தரவேண்டியதோ டாலர். கடனை நைராவில் மறுமதிப்பிட்டதும் இன்னும் கட்டாத தொகைகூட அந்த வருடச் செலவாக ஏறிவிடும்.

சரிபார்க்க, வருமான அறிக்கையில் இயக்க லாபம் (கடன் செலவுகளைக் கழிப்பதற்கு முந்தைய தொழில் லாபம்) என்ற வரியைப் பாருங்கள், அது ஏறித்தான் இருக்கும். அதற்குக் கீழே நிதிச் செலவு (வட்டியும் நாணய மாற்று நட்டமும்) என்று ஒரு வரி, மொத்தத்தையும் விழுங்கியது அதுதான். அப்புறம் கடன்கள் பற்றிய குறிப்பில் எந்த நாணயம், யாரிடம் வாங்கியது என்று பாருங்கள். (பலர் கடைசி வரியை மட்டும் எடுத்து எக்செலில் போட்டு, நாடுகளை ஒப்பிட்டுவிடுகிறார்கள்.)

ஒன்று, இயக்க லாபத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த டிசம்பரில் அங்கே பணவீக்கம் 28%க்கு மேல். அதனால் 22% வளர்ச்சியில் பெரும்பங்கு விலையேற்றமாகவே இருக்கலாம், எத்தனை டன் விற்றது என்பது தனிக் கேள்வி. கடன் கொடுத்தது தாய்க் குழுமம் என்றால் வட்டியும் அதற்கேதான் போகும், ஆக துணை நிறுவனத்தின் லாபத்தை மட்டும் வைத்துக் குழுமத்துக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல முடியாது.