ஐ.நா. தீர்மானம் இருந்தால் எல்லாம் சட்டபூர்வமா?

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டியில் பாலஸ்தீனம் பற்றிப் பேசப்போகிறேன். ‘ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் ஏந்துவது உரிமை என்று ஐ.நா.வே சொல்லிவிட்டது, ஆகவே 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேல் மீது நடத்திய தாக்குதல் சட்டப்படி சரி’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேற்கோள் காட்டலாமா?

பதில்: வேண்டாம். அதில் முதல் பாதி உண்மை. அந்நிய ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட நடக்கும் போராட்டம், ஆயுதப் போராட்டம் உட்பட, நியாயமானது என்று 1982-இல் பொதுச்சபை நிறைவேற்றிய 37/43 தீர்மானம் சொல்கிறது. ‘ஆகவே’ என்று தொடங்கும் மறுபாதிக்கு அதில் இடமே இல்லை. எதற்காகச் சண்டை என்பதை ஒரு சட்டம் பார்க்கிறது, எப்படிச் சண்டை என்பதை இன்னொன்று பார்க்கிறது. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வதும் பணயக்கைதி பிடிப்பதும் யார் செய்தாலும் போர்க்குற்றம்.

ஒரு விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டுதான் இரு தரப்பும் ஏமாற்றுகின்றன. பொதுமக்களில் ஒருவர் மோதலில் நேரடியாக இறங்கினால் பாதுகாப்பை இழப்பார். அதுவும் இறங்கியிருக்கும் நேரத்துக்கு மட்டும். ‘இஸ்ரேலில் எல்லோரும் பட்டாளத்தில் இருந்தவர்கள்தானே’ என்பார்கள். இருந்திருக்கட்டும், இன்று வீட்டில் இருப்பவர் பொதுமக்களில் ஒருவரே. ஆக்கிரமித்த மேற்குக் கரையில் இஸ்ரேல் அமைத்த குடியேற்றங்கள், போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆம் பிரிவுக்கு விரோதமானவை. அதற்காக அங்கே குடியிருப்பவர் இலக்காகிவிட மாட்டார். அதே அளவுகோல்தான் காசாவுக்கும். ஹமாஸுக்கு ஓட்டுப் போட்டவர், அந்த நிர்வாகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், போராளியின் தாயார் யாருமே இலக்கு அல்ல. போராளி ஊருக்குள் ஒளிந்தாலும் ஊரின் பாதுகாப்பு போய்விடாது.

டிவி விவாதங்களில் ‘சர்வதேச நிபுணர்’ என்று வந்து உட்காருபவர்களிடம் உஷார். ஒருவர் தீர்மானத்தை மட்டும் படிப்பார், இன்னொருவர் ‘தற்காப்பு’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வார். முழுப் பக்கத்தையும் படித்தால் இருவருக்குமே சங்கடம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, அதன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லன்ட், ஹமாஸின் ராணுவத் தளபதி தெய்ஃப் மூவர் மீதும் பிடிவாரண்ட் போட்டது. அடுத்த ஏப்ரலில் நெதன்யாகு, அவரைக் கைது செய்ய வேண்டிய உறுப்பு நாடாக அன்று இருந்த ஹங்கேரிக்கே போய் ராஜமரியாதையோடு திரும்பினார். ஐ.நா. பாதுகாப்பு சபையில் எதையும் தடுக்கும் வீட்டோ அதிகாரம் வல்லரசுகளிடம் இருக்கும்வரை இந்தக் கூத்து ஓயாது.

நீங்கள் 37/43-ஐத் தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்ந்த முதலாம் கூடுதல் நெறிமுறையில், பொதுமக்களைத் தாக்கக்கூடாது என்னும் 51-ஆம் பிரிவையும் சொல்லுங்கள். ‘இஸ்ரேல் அதில் சேரவில்லையே’ என்று நடுவர் மடக்கினால், பொதுமக்களைத் தாக்கக்கூடாது என்பது நாடுகளின் நடைமுறையால் உருவான வழக்காற்றுச் சட்டம், கையெழுத்துப் போடாத நாட்டுக்கும் ஆயுதக் குழுவுக்கும் பொருந்தும் என்று பதில் சொல்லுங்கள்.