5 மில்லி பால் குறைவில்லை

30 வாரத்தில் 1,200 கிராம் எடையோடு பிறந்த குழந்தை, இன்று மூன்றாம் நாள், பீய்ச்சினால் 5 மில்லிதான் வருகிறது, பால் பத்தவில்லை என்கிறார்கள், என்னால் பாலூட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பால் பத்தவில்லை என்று சொன்னது அநேகமாக உறவினர் யாராவதுதான் இருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். இந்த எடைக்குப் பல இடங்களில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லி அளவில்தான் டியூப் பால் தொடங்குவார்கள். மீதி டிரிப்ஸில் போகும். அப்படியென்றால் நாளுக்கு 36 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தால் வேளைக்கு 3 மில்லி. உங்களிடம் 5 இருக்கிறது.

ஆனால் அளவு ஏற வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 முறை பீய்ச்சுங்கள், நள்ளிரவிலும் ஒருமுறை. பலர் விட்டுவிடுவது அந்த இரவு வேளையைத்தான். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுத்தால் புண்தான் மிஞ்சும். பிள்ளையை நெஞ்சில் போட்டு வைத்திருந்த பிறகு பீய்ச்சினால் சுலபமாக இறங்கும்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்துப்போக, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும். அதற்கு முன் வாய் வைக்காவிட்டால் அது உங்கள் தவறல்ல. இடையில் பாலாடை, அதாவது மூக்குள்ள சின்னக் கிண்ணம், வரும்: குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, ஒரு வாய் விழுங்கியபின் அடுத்தது. வேகமாக ஊற்றினால் புரையேறும். நேரடியாகக் குடிக்கும்போது நாலைந்து முறை உறிஞ்சிவிட்டு ஓய்வெடுக்கும். அதைப் பார்த்து வேண்டாம் என்கிறது என்று எடுத்துவிடாதீர்கள், காத்திருங்கள். உதடு நீலமாகவோ மூச்சு நின்றோ போனால் உடனே எடுத்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பவுடர் பால் கொடுத்த தாய்மாரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் பால் போதாத நாளில் தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் டாக்டர் சொல்வதைக் கொடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. குறைமாதக் குழந்தையைப் பிறந்ததும் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு முறையில், தோலோடு தோலாக, தாயின் நெஞ்சோடு வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. இன்னமும் பல வார்டுகளில் பெற்றவளுக்கும் பார்வை நேரம்தான். அவளை வராண்டாவில் உட்காரவைத்துவிட்டு, பால் இறங்கவில்லை என்று அவள் மேலேயே பழி போடுவது என்ன நியாயம்?