பெட்டியில் 5.3, காதில் கரகரப்பு: புளூடூத் கேள்வி-பதில்

கே: ஒரே கம்பெனியின் இரண்டு இயர்பட்ஸ். ஒன்றில் புளூடூத் 5.0, இன்னொன்றில் 5.3. விலையில் எழுநூறு ரூபாய் வித்தியாசம். எண் கூடினால் பாட்டு தெளிவாகக் கேட்குமா?

ப: அந்த எண்ணுக்காக எழுநூறு கொடுக்காதீர்கள். 2016-இல் 5.0 வந்தபோது, இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம் என்று சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் அது ‘லோ எனர்ஜி’ என்ற பகுதிக்கு மட்டும். அங்கேயும் வேகம், தூரம் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. கைக்கடிகாரம், சாவிக்கொத்து டிராக்கர், பிபி மெஷின் மாதிரி சாமான்கள் பேசுவது அதில்தான். உங்கள் பாட்டு பெரும்பாலும் ‘கிளாசிக்’ என்ற பழைய பாதையிலேயே வருகிறது. அதற்கு 5.0-வும் 5.3-யும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பாட்டின் தரம் கோடெக்கைப் பொறுத்தது. பாட்டைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்கும் முறைதான் கோடெக். எஸ்.பி.சி. என்ற கோடெக் பாட்டுக்கான எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும். ஐபோன் ஏ.ஏ.சி. தரும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் எல்.டி.ஏ.சி., ஆப்டெக்ஸ் உண்டு. போனிலும் இயர்பட்ஸிலும் ஒரே கோடெக் இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் இரண்டும் எஸ்.பி.சி.க்கு இறங்கிவிடும். ஐபோன்காரர் எல்.டி.ஏ.சி. என்று போட்ட இயர்பட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தண்டம்.

2020-இல் வந்த 5.2-இல் எல்.ஈ. ஆடியோவுக்கு, அதாவது லோ எனர்ஜி பாதையிலேயே பாட்டு அனுப்ப, வழி செய்தார்கள். எல்.சி.3 என்ற நல்ல கோடெக் அதோடு வந்தது. ஆனால் 5.3 என்று அச்சிட்டதாலேயே அது உள்ளே இருக்கும் என்று அர்த்தமில்லை, கட்டாயமும் இல்லை. பெட்டியில் ‘எல்.ஈ. ஆடியோ’ என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், இதையெல்லாம் விடக் காதில் சரியாக உட்காருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரப்பர் முனை தளர்ந்தால் பேஸ் என்ற கனத்த அடி ஒலி போய்விடும். எந்தக் கோடெக்கும் அதைத் திருப்பித் தராது.

கே: லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் சேர்ந்த அடுத்த நொடி, பழைய லேண்ட்லைனில் பேசுவது மாதிரி ஆகிவிடுகிறது. ஹெட்போன் பழுதா?

ப: பழுதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் புளூடூத் வைத்திருக்கும் தனி விதிமுறைக்கு ப்ரொஃபைல் என்று பெயர். கிளாசிக் புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு ப்ரொஃபைல், போன் பேச்சுக்கு இன்னொன்று. பாட்டுக்கானது ஒருவழி: ஸ்டீரியோவாக, நல்ல தரத்தில் உங்கள் காதுக்கு வரும். ஆனால் அதில் மைக்குக்கு இடமே இல்லை. மீட்டிங் ஆப் ஹெட்போன் மைக்கைக் கேட்டதும், கம்ப்யூட்டர் பேச்சு ப்ரொஃபைலுக்குத் தாவுகிறது. அது இருவழி என்பதால் ஸ்டீரியோ போய் மோனோ ஆகிறது. பழைய முறையில் நொடிக்கு 8,000 சாம்பிள்தான், அதாவது ஒலியை அத்தனை தடவைதான் அளந்து அனுப்பும். அப்படியென்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி எதுவும் வராது. ‘ஸ’, ‘ஷ’ சீறல் மழுங்குவது அதனால்தான். புதிய கருவிகள் பலவற்றில் 16,000, கொஞ்சம் தேவலை.

மருந்து எளிது. ஆப் செட்டிங்கில் ஸ்பீக்கர் இடத்தில் ஹெட்போனையும், மைக் இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். அடுப்படியில் மிக்ஸி ஓடும் வீடு என்றால் அந்த மைக் அதையும் சேர்த்து அனுப்பும். அவர்களுக்கு இன்றைக்கும் ஒயர் ஹெட்செட்தான் சிறந்தது.

கே: வீட்டுக்குள் போனை எங்கே வைத்தாலும் சிக்கலில்லை. மெரினாவில் நடக்கும்போது இயர்பட்ஸ் விட்டுவிட்டுக் கேட்கிறது. திறந்த வெளியில்தானே நன்றாக வர வேண்டும்?

ப: எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பாதிக்கு மேல் நீர். பின்பாக்கெட்டில் போன், காதில் இயர்பட்ஸ் என்றால் நடுவில் மறிப்பது நீங்களேதான். வீட்டில் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை, சுற்றி வந்து காதைச் சேர்ந்துவிடும். கடற்கரையில் திருப்பிவிடச் சுவர் ஏது? போனைச் சட்டைப் பையில் போடுங்கள். ஒரு காதில் மட்டும் விட்டுப் போகிறது என்றால் அந்தப் பக்கத்துப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

கே: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் செருகினால் ஒயர்லெஸ் மௌஸ் திக்கித் திணறுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ப: யு.எஸ்.பி. 3.0 கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் இதை 2012-இலேயே எழுதி வெளியிட்டது. கிளாசிக் புளூடூத் நொடிக்கு 1,600 தடவை சேனல் மாறி, நெரிசலான இடத்தை ஒதுக்கிவிட்டு ஓடும்; வைஃபையோடு குடித்தனம் நடத்துவது அப்படித்தான். ஆனால் இந்த இரைச்சல் எல்லாச் சேனலிலும் பரவிக் கிடப்பதால் ஒதுங்க இடமில்லை. டாங்கிளில், அதாவது யு.எஸ்.பி.யில் செருகும் குட்டி ரிசீவரில், ஓடும் மௌஸுக்கும் இதே கதி. ஹார்ட் டிஸ்க்கை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள். டாங்கிள் மௌஸ் என்றால் ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மௌஸ் பக்கத்தில் வையுங்கள்.

கே: மனைவி அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது போர்டிகோவில் நான் காரை ஸ்டார்ட் செய்தால், மாமியார் குரல் காருக்குள் வந்துவிடுகிறது. தினமும் பிரச்சினை!

ப: கார் இருவர் போனையும் நினைவில் வைத்திருக்கிறது, ஸ்டார்ட் ஆனதும் கைக்கெட்டிய போனைப் பிடித்துக்கொள்கிறது. மனைவியின் ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பட்டியலைத் திறந்து, காரின் பெயருக்குள் ‘போன் அழைப்புகள்’ என்பதை மட்டும் அணைத்துவிடுங்கள். பாட்டு தடையில்லாமல் போகும். மாமியார் சொன்னது காதில் விழுந்ததா என்று அவர்கள் கேட்டால், அது என் துறை இல்லை.

கே: எங்கள் ஸ்பீக்கரில் திடீரென்று பக்கத்து ஃபிளாட் பையன் பாட்டு போடுகிறான். பாஸ்வேர்ட் வைக்க முடியாதா?

ப: விலை குறைந்த ஸ்பீக்கர் பலவற்றில் முடியாது. திரையும் எண் பட்டனும் இல்லாத கருவி எண் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. சும்மா இருந்தால் யார் கூப்பிட்டாலும் சேர்ந்துகொள்ளும். கேட்டு முடித்ததும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். போனில் மட்டும் புளூடூத்தை அணைத்துவிட்டுப் போனால், ஸ்பீக்கர் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

கே: ஐபோனுக்கு ஆண்ட்ராய்டிலிருந்து புளூடூத்தில் போட்டோ அனுப்ப முடியவில்லையே?

ப: முடியாது. அந்த ஃபைல் அனுப்பும் ப்ரொஃபைலை ஆப்பிள் ஐபோனில் வைக்கவே இல்லை.

கே: நாள் முழுக்க இயர்பட்ஸ் போட்டால் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்குமா?

ப: இயர்பட்ஸ் அனுப்பும் சக்தி பொதுவாகச் சில மில்லிவாட். 4ஜி போன் உச்சத்தில் 200 மில்லிவாட் வரை அனுப்பும், அதைத்தான் காதில் நேரே ஒட்டிப் பேசுகிறோம். இரண்டுமே உடம்பின் செல்லை உடைக்கும் வகைக் கதிர்வீச்சு இல்லை. நீங்கள் பயப்பட வேண்டியது வால்யூமுக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். பஸ் இரைச்சலை மீற வால்யூமை ஏற்றுபவர்கள் அதை எளிதில் தாண்டிவிடுவார்கள். ஐபோனில் ‘ஹெல்த்’ ஆப்பைத் திறந்தால் நீங்கள் இந்த வாரம் கேட்ட அளவு இருக்கும். ஆண்ட்ராய்டிலும் சில போன்களில் வால்யூம் வரம்பு வைக்கலாம். பிள்ளைகள் போனில் அதை இன்றே செய்துவிடுங்கள்.