கேள்வி – பதில்: கல்லூரிக்குள் சமநீதி

கேள்வி: என் மகள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகை வந்தவர்கள் பட்டியலை வகுப்பில் சாதியோடு வாசிக்கிறார்களாம். ஆய்வகத்தில் கருவியைத் தொடவிடாமல் சும்மா உட்காரவைக்கிறார்களாம். யாரிடம் போய்ச் சொல்வது?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: இரண்டுமே பாகுபாடுதான் அம்மா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகளில், வகுப்பில் சாதியைச் சொல்வதும் ஆய்வகத்தில் வேலை தராமல் உட்காரவைப்பதும் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். எழுத்தில் வந்த புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

துறைத் தலைவரிடம் வாயால் சொன்னதோடு நின்றுபோகும் புகார்தான் அதிகம். ‘நாங்க பேசிக்கிறோம்மா’ என்பார்கள். அந்தப் பேச்சுக்குத் தேதி ஏது? 60 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தேதி, எந்தப் பாடவேளை, எந்த அறை, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்த இருவர் யார் என்பது போதும். ‘எப்போதும் இப்படித்தான்’ என்ற வரி வேண்டாம், விசாரணையில் முதலில் உடைவது அதுதான். கடைசியில் என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள்: பட்டியலை வாசிக்கக் கூடாது, விவரம் அவரவர் கைப்பேசிக்குத் தனியாகப் போகட்டும், ஆய்வகத்தில் சுழற்சி முறையில் கருவி தரட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்). வகுப்பே சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது பலம் போலத் தெரியும். பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினால் இரண்டே நாளில் கரைந்துவிடும். மூன்று பேர் தனித்தனியாகக் கொடுத்த தாள் நிற்கும்.

அகமதிப்பெண்ணில் கைவைப்பார்களோ என்ற பயம் நியாயமானதே. புகார் கொடுக்கும் முன்பே, திருத்தித் தந்த தேர்வுத் தாள்களையும் கையெழுத்தான ஆய்வகக் குறிப்பேட்டையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பட்டியல் இனத்தவராக இருந்து, பலர் முன்னிலையில் சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும். அதற்கான உதவி எண் 14566.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சமவாய்ப்பு மையம் பெயர்ப்பலகையோடு சரி. பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– ஒரு விரிவுரையாளர், தொண்டி

பதில்: கருத்தரங்கில் தொடங்காதீர்கள் அய்யா, நாட்காட்டியில் தொடங்குங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சேர்க்கைக் கட்டணம் கேட்பதோ ஜூனில். தடை முடிந்து முதல் மீன்பாடு வந்தாலும் டீசலுக்கும் பழைய கடனுக்கும்தான் போகும். மூன்றில் ஒரு பங்கை சேர்க்கையின்போதும் மீதியை செப்டம்பரிலும் கட்டலாம் என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள். தவணை கேட்டு மாணவர் மனு போட வேண்டும் என்று வைத்தால் கூச்சப்படும் பிள்ளை கேட்காது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக அறிவியுங்கள்.

அடுத்தது உதவித்தொகை. பணம் வராததற்குப் பாதிக் காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் இணையாமல் இருப்பது, அல்லது சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொன்றும் இருப்பது. ஜூலையிலேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து சரிபாருங்கள். டிசம்பரில் கண்டுபிடித்துப் பயனில்லை.

ஆறாவது வாரம் முதலாண்டு வருகைப் பதிவை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே கரையோர ஊரின் பிள்ளைகள் முதல் பாடவேளைக்கு மட்டும் வராமலிருந்தால் அது சோம்பல் அல்ல, பேருந்து நேரம். போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு எழுதுங்கள். அந்தப் பட்டியலில் சாதிப் பத்தி இருந்தால் அது உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது, வகுப்பாசிரியருக்கும்கூட. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் அகத்தேர்வு வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் இதோடு மாற்றிவிடுங்கள், செலவே இல்லாத வேலை.

கேள்வி: மகன் அமெரிக்காவில் முதுகலை படிக்கப் போகிறான். அங்கே நிறவெறிக்கு எதிரான சட்டத்தையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?
– வாசகர், கீழக்கரை

பதில்: 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு அப்படியே இருக்கிறது: அரசு நிதி பெறும் பல்கலைக்கழகம் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. முதலில் பல்கலைக்கழகத்தின் புகார் அலுவலகம். கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சாதியும் அங்கே போகிறது, நம்மவர்கள் பெட்டியில்தான். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019லும், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022லும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தன. சேரும் இடத்தின் விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று விமானம் ஏறும் முன்பே மகன் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளட்டும்.