நான் வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்த ஒரு மணி நேர இசையைக் கேட்டவர்கள் யாரும் மதிக்கவில்லை. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பாட்டு இல்லை, ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுகிறது, நண்பர்கள் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவர் நீங்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மானுவல் கோட்ஷிங் என்று ஒருவர். பெர்லின்காரர், 1952இல் பிறந்தவர். சிறுவயதில் முறையாக கிளாசிக்கல் கிட்டார் படித்தார். 1970இல், இருபது வயதுகூட ஆகாதபோது, கிளாவ்ஸ் ஷுல்ட்ஸே, ஹார்ட்முட் என்கே இருவரும் சேர, மூன்று பேராக ‘ஆஷ் ரா டெம்பெல்’ என்ற குழுவைத் தொடங்கினார். தாமஸ் கெஸ்லர் என்ற சுவிஸ் இசையமைப்பாளர் மேற்கு பெர்லினில் நடத்திவந்த ஸ்டுடியோவில் வாசித்துப் பழகிய பையன்கள் இவர்கள். 1971இல் வந்த முதல் இசைத்தட்டில் இரண்டே உருப்படிகள், பக்கத்துக்கு ஒன்று. 1975இல் கோட்ஷிங் தனியாக ஒரு தட்டு போட்டார். கேட்டால் முழுக்க சின்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவி என்றே தோன்றும். ஆனால் அதில் இருப்பது கிட்டார் மட்டும். நான்கு டிராக் டேப் ரெக்கார்டர், எதிரொலிக் கருவி, ஒரு கிட்டார், அவ்வளவுதான். பிறகு குழுவின் பெயர் ‘ஆஷ்ரா’ என்று சுருங்கியது, விர்ஜின் என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் தட்டுகளை வெளியிட்டது. இடையில் கிளாடியா ஸ்கோடா என்ற பெர்லின் ஆடை வடிவமைப்பாளரின் ஃபேஷன் ஷோக்களுக்கும் வாசித்தார். அந்த மாதிரி இடத்தில் நடுவில் நிறுத்த முடியாது, நீளமாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பழக்கம்தான் பிறகு கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

1981 டிசம்பர் 12. ஷுல்ட்ஸேயுடன் கச்சேரிப் பயணம் முடித்து வீடு திரும்பியிருந்தார். மறுநாள் ஹாம்பர்க் போக வேண்டும். வழியில் வாக்மேனில் கேட்க ஏதாவது வேண்டுமே என்று வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். சீக்வென்ஸரில், அதாவது கொடுத்த வரியைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவியில், ஒரு வரியை ஓடவிட்டார். மொத்தத்துக்கும் இரண்டே கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). அதன் மேல் ஒவ்வொரு ஒலியாகச் சேர்ப்பதும் எடுப்பதுமாகப் போகிறார். பாதி தாண்டிய பிறகுதான் கிட்டாரையே கையில் எடுக்கிறார். ஏறத்தாழ 59 நிமிடம், ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு கிடையாது. பிறகு கேட்டுப் பார்த்தபோது குறை தேடியும் கிடைக்கவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஈ2-ஈ4’. செஸ்ஸில் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறோமே, அந்த முதல் நகர்த்தல். உள்ளே இருக்கும் பகுதிகளுக்கும் ஆட்டத்தை வைத்தே பெயர். கடைசிப் பகுதியின் பெயர் ‘ரெமிஸ்’, அதாவது டிரா.

அது உடனே வெளிவரவில்லை. 1984இல்தான், அதுவும் ஷுல்ட்ஸே நடத்திய சிறு நிறுவனத்தில் வந்தது. இசைத்தட்டில் முழுதாக இடம் பற்றாமல் இரண்டு பக்கமாக உடைத்தார்கள். ஜெர்மனியில் பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் நியூயார்க்கில் ‘பாரடைஸ் கராஜ்’ என்ற நடன அரங்கில் லாரி லெவன் என்ற டிஜே அதைப் போட்டு ஜனங்களை ஆடவைத்தார். கோட்ஷிங் ஆடுவதற்காக அதைச் செய்யவே இல்லை. 1989இல் இத்தாலியில் ‘சுவேன்யோ லாட்டினோ’ என்ற குழு அதிலிருந்து எடுத்துச் செய்தது கிளப்புகளில் பெரிய ஹிட். அதற்குப் பிறகு அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து டெக்னோ இசைக்காரர்கள் டெரிக் மே, கார்ல் கிரெய்க் இருவரும் தங்கள் வழியில் அதைக் கையில் எடுத்தார்கள். 2006இல் ஜப்பானில் அவரே மேடையில் வாசித்தார். 2022 டிசம்பரில், எழுபதாவது வயதில் காலமானார்.

இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ‘ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது அமெரிக்க இசையமைப்பாளர்கள் ஸ்டீவ் ரைஷ், டெர்ரி ரைலி எல்லாம் முன்பே செய்ததுதானே?’ என்பார்கள். ஆமாம், அந்தப் பாதிப்பை அவர் மறைத்ததில்லை. ‘அவருக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது, வீட்டில் பொழுதுபோக்குக்கு வாசிப்பவரோடு ஒப்பிடலாமா?’ என்றும் கேட்பார்கள். உங்கள் பதிவு அந்தத் தரம் என்று நான் சொல்லவில்லை, நான் அதைக் கேட்டதே இல்லை. அவருடைய டேப் மூன்று வருடம் பத்திரமாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். என்னுடையது இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

1996இல் திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டாவது கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். குழு உரிமையாளரிடம் கோர்க் எம்1 கீபோர்டு ஒன்று இருந்தது. அவர் வெளியூர் போயிருந்த மூன்று நாள் அது என் வீட்டில் இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அதன் சீக்வென்ஸரில் எட்டு பார் (தாளச் சுற்று) அளவுக்கு ஒரு வரியைப் போட்டு ஓடவிட்டேன். மோகனத்தின் சாயல் உள்ள வரி. அதன் மேல் கையால் வாசித்தபடியே கேசட் டெக்கில் பதிவு செய்தேன். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க, நாற்பத்தைந்து நிமிடம். அன்றைக்கு கரண்ட் போகவே இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. முடித்தபோது விரல் நடுங்கியது. என் வாழ்க்கையில் நான் நன்றாக வாசித்த ராத்திரி அதுதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

சென்னைக்கு எடுத்துப்போய் ஒரு கேசட் கம்பெனியில் போட்டுக் காட்டினேன். அங்கிருந்தவர் மூன்று நிமிடம் கேட்டார். “தம்பி, பாட்டு எப்ப வரும்?” என்றார். பாட்டு இல்லை சார், இதேதான் என்றேன். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. ஸ்டாப் அழுத்தி, கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறினேன்.

அதன் பிறகு ஒருநாள் குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்யக் கேசட் தேவைப்பட்டது. புதிதாக ஒன்று வாங்கக் காசு இல்லாமல் இல்லை. கோபத்தில் இதையே எடுத்துப் போட்டேன்.

2011இல், ஸ்டட்கர்ட்டில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது, “மாமா, இதைக் கேட்டுப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்” என்று பென் டிரைவில் ‘ஈ2-ஈ4’ஐக் கொடுத்தான். மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். அரை மணி நேரம் கழித்து கிட்டார் வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. இவரும் இப்படி ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் டேப்பை வைத்திருந்திருக்கிறார். அவன் மேலே வந்து என்ன மாமா ஆச்சு என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். கேசட் கதையை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய பாராட்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் சம்பளத்தைக் கொடுத்தால் போதும். மேடை அலங்காரத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் போயிருக்கும். வாசித்தவர்கள் மட்டும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மண்டப வாசலில், கல்யாண வீட்டுப் பெரியவர் எப்போது வெளியே வருவார் என்று நிற்க வேண்டும். வந்தால் பேசியதில் ஐந்நூறு குறைத்துத்தான் கொடுப்பார். இருபத்திரண்டு வருடம் இப்படி நின்றிருக்கிறேன். இன்றைக்கும் என் மாணவர்கள் நிற்கிறார்கள். வாசிப்பவனுக்கும் பசிக்கும் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒத்திகை நாற்பத்தோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியில் யாரோ மைக்கைத் தட்டுகிற சத்தம், ஒரு ‘டக்’, அப்புறம் டேப் ஓடி முடியும் வரை என் பழைய வாசிப்பு. கிட்டத்தட்ட நாலு நிமிடம். இடது கையில் ஒரு சுரம் தப்பியிருக்கிறது. எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ தடவை திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

உங்கள் பதிவு ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதா? இன்று ராத்திரியே வேறொரு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பதிவு செய்த தேதியையும் அதோடு எழுதி வையுங்கள்.