கூன் பெல்ட்டா, நாற்காலியா?

கேள்வி: கணவருக்கு 68 வயது. முதுகு கூனி, நடையில் தள்ளாட்டம். நின்று செய்யும் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்திருக்கிறார். கூன் நிமிர்த்தும் பெல்ட், ஃபோம் பேட், ஆடும் பலகை மூன்றையும் ஒரே செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? அவரை எப்படிப் பிடித்துக்கொள்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: செட் வேண்டாம். கூன் பெல்ட் தோளைப் பின்னுக்கு இழுத்து வைக்குமே தவிர, முதுகுத் தசைக்கு வேலை தராது. கழற்றினால் பழைய கதைதான். வெறும் தரையிலேயே தடுமாறுகிறவரை ஆடும் பலகையில் ஏற்றுவது ஆபத்து. ஃபோம் பேடை பிசியோ கேட்கும்போது வாங்கலாம். அப்போதும் தண்ணீர் உறிஞ்சாத ரகமாகப் பாருங்கள். மலை மழையில் சாதாரண ஸ்பாஞ்ச் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அந்தக் காசுக்கு, வீட்டில் இல்லையென்றால், கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி வாங்குங்கள். உட்காரும் உயரம் 17–18 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலி, பிடித்துச் சாய்ந்தால் ஆளோடு சேர்ந்து சாயும். இன்னொன்று, நீங்கள் பிடித்துக்கொள்ள வசதியாக அவர் இடுப்பில் கட்டும் கெய்ட் பெல்ட். சர்ஜிக்கல் கடையில் கேளுங்கள். சட்டைக்கு மேல், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில் கட்டவேண்டும். குடலிறக்கமோ சமீபத்தில் வயிற்று ஆபரேஷனோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கட்டக்கூடாது.

அவர் சமையல் மேடையைப் பார்த்து நிற்கட்டும், பின்னால் நாற்காலி. பலம் குறைந்த பக்கம், சற்றுப் பின்தள்ளி, கால்களை அகட்டி நீங்கள் நில்லுங்கள். ஒரு கை பெல்ட்டின் பின்பக்கத்தில். மறு கை அவர் தோளுக்கு முன்னால், தொடாமல். கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு பிசகும். முதலில் பாதங்களைச் சேர்த்து 10 விநாடி; பிறகு ஒரு குதிகால் மறு காலின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்; கடைசியாக ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதம், ஒரே கோட்டில். ஒன்று நிலைத்த பிறகே அடுத்தது. அன்பில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். உங்கள் மேல் சாய்ந்துகொண்டால் அவர் கணுக்காலுக்கு வேலையே இருக்காது. நிஜமாகவே சரிந்தால் தூக்கி நிறுத்தப் பார்க்காமல், உங்கள் பக்கம் அணைத்து மெல்ல நாற்காலியில் இறக்குங்கள். எழுந்ததும் தலை சுற்றினால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், பிரஷர் பார்க்கவேண்டும்.

குளிருக்குக் கம்பளி சாக்ஸோடு ரெட் ஆக்சைடு தரையில் நிற்பது வழுக்கும். பின்பட்டை வைத்த, ரப்பர் அடியுள்ள செருப்பு போதும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கெய்ட் பெல்ட்டின் பக்கிள் முதல் நாளே நழுவுகிறது. 'ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள்.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. பக்கிள் நழுவுவதை வீடியோ எடுத்து, அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தரவேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதுவரை அந்தப் பெல்ட்டை நம்பி யாரையும் நிற்க வைக்காதீர்கள்.